பேசிய நேரம்

ஜனவரி 9. முதல் பள்ளி. விண்ணப்பப் படிவம் 50.
ஜனவரி 16. இரண்டாம் பள்ளி. படிவம் 75.
ஜனவரி 23. மூன்றாம் பள்ளி. படிவம் 200. திருப்பித் தரமாட்டார்கள்.
பிப்ரவரி 6. நான்காம் பள்ளி. படிவம் இலவசம்.
பிப்ரவரி 13. ஐந்தாம் பள்ளி. படிவம் 100.
பிப்ரவரி 27. ஆறாம் பள்ளி. ரயில், போக வர, ஒன்றரை டிக்கெட் 318. படிவம் 60.
மார்ச் 6. ரப்பர் ஒன்று 3.

இந்த ஏழு வரிகளை எழுதியவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். டிப்போ வாசலில் நாலடிக்கு நாலடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு நீள நோட்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவதுதான் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. டிரைவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வினாடி.

"வினாடி அண்ணே, மூணு நிமிஷம்தானே, கண்ணை மூடிக்கிட்டு எழுதுங்க" என்று கெஞ்சுவார்கள்.

"கண்ணை மூடினா கோடு கோணலாப் போயிடும்" என்பார். மூன்று, மூன்றாகவே நோட்டில் விழும்.

அவருடைய கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்த டிரைவர் ஒருத்தர் ஏழு நிமிஷம் பிந்தி வந்து ஒரு நாள் சம்பளம் இழந்தார். ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு டைம் கீப்பருக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தவர் தன் பெயருக்கு எதிரே 'இருபத்திரண்டு நிமிடம் தாமதம்' என்று தானே எழுதிக்கொண்டார். அதைப் பார்த்ததும் டிரைவருக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "இந்த ஆளு தனக்கே எழுதிக்கிறாருடா, நமக்கு எழுதாம விடுவாரா?" என்று சிரித்தார்.

நோட்டில் அவர் எழுதுவது பேனாவால். பிழை வந்தால் மேலே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. அழிப்பது என்ற வழக்கமே அவரிடம் கிடையாது.

மகளை வாலு என்று கூப்பிட ஆரம்பித்தது அவள் அம்மா. அப்படி ஒரு சேட்டை, அப்படி ஒரு பேச்சு. சமையலறையிலிருந்து படிக்கட்டு வரை வாய் ஓயாது. அவளுக்கு நாலரை வயதாகும்போது அம்மா காய்ச்சலில் படுத்தாள். பதினொரு நாளில் போய்விட்டாள். அதோடு வாலுவின் பேச்சும் போயிற்று. கேட்டதற்குத் தலையாட்டுவாள். பசித்தால் தட்டை எடுத்து வைப்பாள். ஜன்னலுக்குக் கீழே பஸ் போனால் மட்டும் விரல்களை நீட்டி அதன் தட எண்ணைக் காட்டுவாள். பதினான்கு என்றால் முதலில் ஒரு விரல், பிறகு நாலு விரல். ஒரு நாளும் தவறியதில்லை. டாக்டர், "காது, தொண்டை எல்லாம் நல்லா இருக்கு. தானா வரும், விடுங்க" என்றார்.

முதல் பஸ் 4.35-க்கு. டைம் கீப்பர் விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த அக்கா, அவர் போகும்போது மாடிக்கு வந்து குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். மத்தியானம் அவர் திரும்பும் வரை குழந்தை மெஷினுக்கு அடியில் துணித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்.

வாலுவுக்கு ஆறு வயது நெருங்கிய டிசம்பரில் அவருடைய கொழுந்தியாள், செத்துப்போனவளின் தங்கை, ஏழு மணி நேரம் ரயிலில் வந்து இறங்கினாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அக்காவின் முகச்சாயல் அவ்வளவாக இல்லை; குரல் மட்டும் அச்சு அசல் அக்காதான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இவளை எங்களோட அனுப்புங்க."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க இருட்டுல போயிடுறீங்க. பொம்பளைப் பிள்ளை. யாரு தலை பின்னி விடுவா? யாரு பள்ளிக்கூடத்துல விடுவா? தையல்கார அக்காவுக்கும் எத்தனை நாளைக்குத்தான் பாரம்?"

"எனக்கென்ன பாரம்?" என்று கதவோரத்திலிருந்து தையல்கார அக்கா கேட்டார். "நான் என்ன தலையிலயா தூக்கிட்டுத் திரியறேன்?"

"இங்க நல்ல பள்ளிக்கூடம் இருக்கு" என்றார் டைம் கீப்பர்.

"இருந்தா சரி. உங்ககிட்டதான் நோட்டு இருக்கே. எல்லாத்தையும் பாருங்க. எங்க தெருவுல ஒண்ணு இருக்கு, ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும். அதையும் வந்து பாருங்க. நீங்களே மார்க் போடுங்க. இங்க உள்ளது நல்லதுன்னு நீங்க எழுதினீங்கன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்க ஊர்ல உள்ளது நல்லதுன்னு எழுதினீங்கன்னா, எட்டாவது முடியற வரைக்கும் அனுப்பிடணும்."

"நானே மார்க் போட்டா, நான் எனக்குச் சாதகமாப் போட மாட்டேனா?"

கொழுந்தியாள் சிரித்தாள். "நீங்களா மாமா?"

அந்தச் சிரிப்பில் அவர் மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. ஜனவரி ஒன்பதாம் தேதியிலிருந்து வியாழக்கிழமைகளில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பினார். பழைய டிப்போ நோட்டிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து, கோடு போட்டு, பதினொரு கட்டம் பிரித்திருந்தார். வீட்டிலிருந்து எத்தனை நிமிஷ நடை. வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள். குடிதண்ணீர்க் குழாய் ஒன்றுக்கு எத்தனை பேர். கழிவறைக் கதவுகளில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் விழுகிறது. மணி அடித்து எத்தனை நிமிஷத்தில் டீச்சர் உள்ளே வருகிறார். டீச்சர்கள் எத்தனை வருஷமாக நிலைத்திருக்கிறார்கள். வாசல் எப்போது திறக்கும், பிள்ளையை அழைத்துப்போக ஆள் வரத் தாமதமானால் யார் கூட இருப்பார்கள். இப்படியே கட்டணம் வரைக்கும் பத்து. பதினோராவது கட்டத்தின் தலைப்பு: பேசிய நேரம்.

எல்லாப் பள்ளியிலும் குழந்தையை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள், பெற்றவர்கள் வெளியே. அவர் ஜன்னல் வழியாகவோ கதவின் கண்ணாடி வழியாகவோ மகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கையில் டிப்போவின் நிறுத்துக் கடிகாரம். உதடு அசைந்தால் அழுத்துவார், நின்றால் நிறுத்துவார்.

முதல் பள்ளி மூன்று மாடி. வரவேற்பறையில் மீன் தொட்டி. குழாயிலோ தண்ணீர் இல்லை. பேசிய நேரம்: பூஜ்யம். இரண்டாம் பள்ளியில் கழிவறைகள் ஆறு, தாழ்ப்பாள் இரண்டு. பேசிய நேரம்: நாலு வினாடி. மூன்றாம் பள்ளியில் படிவத்துக்கு இருநூறு வாங்கிக்கொண்டு, நேரமில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

"குழாய் எங்க இருக்குன்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார் இவர்.

"சார், நீங்க பிளம்பரா?" என்று வாயில் காவலர் கேட்டார்.

கதையைக் கேட்டுத் தையல்கார அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாக்குறீங்களா, பள்ளிக்கூடத்துக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா? அவ அம்மா இருந்திருந்தா மூணாவது வீடு தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து அடுப்பைப் பாத்திருப்பா."

"அவ இருந்திருந்தா நான் பாக்கவே வேண்டியதில்லையே" என்றார். அக்கா மெஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்.

நான்காவதுதான் அவருக்குப் பிடித்தது. பழைய சைக்கிள் கிடங்கை இடித்துக் கட்டிய சின்னப் பள்ளி. படிவத்துக்குக் காசு கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை உண்டு, நடை ஒன்பது நிமிஷம், வகுப்புக்கு இருபத்தாறு பேர். தாழ்ப்பாள்கள் எல்லாமே விழுந்தன; அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். வாசலைத் திறக்கும் ஆயா, "நான் சாயங்காலம் ஆறு வரைக்கும் இங்கதான் கெடப்பேன். உங்க பொண்ணும் என்னோட கெடக்கட்டும்" என்றாள். பேசிய நேரம்: பதினொரு வினாடி. வீட்டுக்கு வரும் வழியில் அவர் மகளுக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாம் பள்ளிக்கும் கடமைக்குப் போனார். மூன்று வினாடி.

ஆறாவதற்குப் போகாமலே இருந்திருக்கலாம். தையல்கார அக்காவும் அதைத்தான் சொன்னார். "நாலாவது நல்லாருக்குன்னு எழுதி அனுப்பிட்டு ஆளை விடுங்க. பாக்காத ஒண்ணுக்கு என்ன மார்க் வேண்டிக்கெடக்கு?"

"பாக்கறேன்னு ஒத்துக்கிட்டேன்."

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி காலை ரயிலில் அப்பாவும் மகளும் போனார்கள். ஸ்டேஷனில் சகலை, கொழுந்தியாளின் கணவர், காத்திருந்தார். நல்ல மனுஷர். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஸ்டேஷனுக்கு எதிரே அந்த ஊர் டிப்போ. கூண்டில் ஆள் இல்லை. ஐந்து நிமிஷத்தில் மூன்று வண்டிகள் இஷ்டத்துக்குப் புறப்பட்டுப் போயின.

"இங்க வண்டி எப்பக் கிளம்பும்னு டிரைவருக்கே தெரியாது சகலை" என்றார் அவர். "கூண்டுல உக்கார ஒரு ஆளை ரெண்டு வருஷமாத் தேடுறானுங்க."

"ஆள் இல்லாம ஒரு டிப்போவா?" டைம் கீப்பர் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கடை விரிச்சு வச்சுட்டுத் தராசு இல்லன்னு சொல்ற மாதிரி."

வாலு சித்தப்பாவின் தோளில் இருந்தபடி அந்தக் காலிக் கூண்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனார்கள். சித்தி வீட்டிலிருந்து நாலு நிமிஷம். நோட்டில் அவர் 'சித்தி வீட்டிலிருந்து' என்றே எழுதிக்கொண்டார். வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கட்டடம் சுமார்தான். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. குழாய் ஒன்றுக்கு நாற்பது பேர். அவர் மனசுக்குள் நான்காம் பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சற்று நிம்மதியானார்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வாலுவை உள்ளே கூட்டிப்போய்த் தன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். டைம் கீப்பர் தாழ்வாரத்தில் மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றார். பின்னால் விளையாட்டு வகுப்புப் பிள்ளைகளின் கூச்சல். உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை.

மகளின் உதடு அசைந்தது. அழுத்தினார்.

நிற்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. குழந்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசிற்று. விரல்களை நீட்டிற்று, மடக்கிற்று. டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார். குழந்தையும் சிரித்தது. அவருக்குக் கண் மங்கியது. ஆனாலும் கட்டைவிரல் சரியான இடத்தில்தான் இருந்தது. நின்றபோது முள் ஆறு நிமிஷம் இருபது வினாடியைக் காட்டியது.

வாலு வெளியே ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் முழுசாக ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அப்பா, இங்கயும் டிப்போ இருக்கு."

"எல்லா ஊர்லயும் இருக்கும்மா" என்றார். அவர் கண் தாளின் மீது இருந்தது. பதினோராவது கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சட்டையை விட்டாள். திரும்பி வரும் ரயிலில் ஏழு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊரை விட்டு வரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மார்ச் ஆறாம் தேதி மார்க் போட உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து. பத்துக் கட்டங்களைக் கூட்டினால் நான்காம் பள்ளி 73, ஆறாம் பள்ளி 70. மூன்று மார்க்கில் மகள் அவருடையவள். பதினோராவதைச் சேர்த்தால் நான்காம் பள்ளிக்கு ஒன்று, ஆறாம் பள்ளிக்குப் பத்து. 74, 80.

அன்றைக்கு முதல்முதலாக அவர் பென்சிலால் எழுதியிருந்தார். முனைக் கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கி வந்தார். பதினோராவது கட்டத்தின் மேல் அதை வைத்தார். பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனவனுக்குப் பிள்ளை பேசிய நேரம் எதற்கு என்று யார் கேட்டாலும் நியாயம்தான். கட்டம் போட்டது அவர்; எடுப்பதும் அவர் இஷ்டம்.

வாலு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பரைப் பார்த்து, "எனக்கா?" என்று கண்ணால் கேட்டாள்.

அவர் அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து பென்சில் எழுத்தின் மேலேயே 10 என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்து தாளைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இந்தக் கடைசிக் கட்டத்தை நீங்க எழுதாமலே இருந்திருக்கலாம் மாமா."

"நடந்ததை எழுதாம எப்படி இருக்கிறது?"

தையல்கார அக்கா மட்டும் விடவில்லை. "ஒரு கோட்டை அழிச்சா வானம் இடிஞ்சு விழுந்துடுமா? மனுஷனா நீங்க, கடிகாரமா?" என்று கத்திவிட்டு, இரண்டு நாளில் பள்ளிச் சீருடை நாலு செட் தைத்துக் கொடுத்தார். நாலுக்கும் ஓரத்தை நிறைய மடித்துத் தைத்திருந்தார். "வளர வளரப் பிரிச்சு விடச் சொல்லுங்க."

மே இருபத்தொன்பதாம் தேதி ரயில் சரியான நேரத்துக்கு வந்து சரியான நேரத்துக்குக் கிளம்பியது. வாலு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிளாட்பாரத்துக்கு அப்பால் பாலத்தின் மேல் ஒரு பஸ் போயிற்று. அவள் கம்பிக்கு வெளியே ஒரு விரலை நீட்டினாள். பிறகு நாலு விரல்.

முதல் கடிதம் ஜூலையில் வந்தது. சித்தி கைபிடித்து எழுத வைத்த எழுத்து. "அப்பா நான் நல்லா இருக்கேன். ரப்பர் தீந்துபோச்சு." அவர் இன்னொரு ரப்பர் வாங்கித் தபாலில் அனுப்பினார். கடிதங்களுக்கு எண் போட்டு, வந்த தேதியும் நேரமும் குறித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். வருஷத்துக்குப் பத்து, பதினொன்று வரும். எழுத்து நேரானது. சித்தப்பா நீச்சல் சொல்லிக் கொடுத்தது, கணக்கில் நூறு வாங்கியது, சிநேகிதியோடு சண்டை போட்டது, சேர்ந்தது எல்லாம் வந்தன. பேச்சு திரும்பிவிட்டது என்று கொழுந்தியாள் எழுதினாள். இப்போது வாயை மூட வைப்பதுதான் கஷ்டமாம். பள்ளி விடுமுறைக்கு வந்தால் வாலு கூண்டுக்குள் முக்காலி போட்டு உட்காருவாள். டிரைவர்கள், "குட்டி வினாடி வந்தாச்சு, இனி ரெட்டை ஆப்பு" என்பார்கள். பதினைந்து நாள். அப்புறம் ரயில்.

எட்டாம் வகுப்பு வரைதான் பேச்சு. அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி வருஷம் பொங்கும் ஆசையோடு மறுபடியும் ஒரு தாளுக்குக் கோடு போட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு இந்த ஊரில் ஐந்து பள்ளிகள். இந்த முறை ஐந்தே ஐந்துதான். வெளியூர் எதுவும் இல்லை. கட்டங்களையும் நிரப்பி முடித்தார். தையல்கார அக்கா எட்டிப் பார்த்து, "இப்பத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். வெள்ளையடிக்க ஆள் சொல்லி, மகளுக்கென்று அறையை ஒழித்து, மேஜை ஒன்றும் வாங்கிப் போட்டார்.

அப்போதுதான் எண்பத்து மூன்றாவது கடிதம் வந்தது.

"அன்புள்ள அப்பா,

எட்டாம் வகுப்பு முடிந்துவிட்டது. நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். சித்தப்பா என்னை இங்கேயே உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். நான்தான் சரி என்றேன். சித்திக்குக் கை மூட்டு வீங்கி மேலே தூக்க முடியவில்லை. இப்போது நான்தான் அவர்களுக்குத் தலை பின்னி விடுகிறேன். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம். என் ஒன்றாம் வகுப்பு டீச்சர் இந்த மாதம் ஓய்வு பெற்றார். என்னைக் கூப்பிட்டு, முதல் நாள் நீ என்னிடம் என்ன பேசினாய், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு இல்லை. நான் உங்கள் டிப்போவின் எல்லா வண்டி நேரத்தையும் விரல் விட்டு ஒப்பித்தேனாம். எங்க அப்பா ஒரு வினாடி கூடத் தப்பா எழுத மாட்டார் என்றேனாம். இந்த ஊர் டிப்போ கூண்டில் ஆள் இல்லையே, எங்க அப்பாவைச் சேர்த்துக்கொள்வார்களா, அப்பாவும் வந்தால்தான் இந்தப் பள்ளிக்கு வருவேன் என்றேனாம். டீச்சர் சிரித்து, கட்டாயம் சேர்த்துக்கொள்வார்கள், போய் அப்பாவிடம் சொல் என்றாராம்.

நான் உங்களிடம் சொன்னேனா அப்பா?"

அவர் பெட்டியின் அடியிலிருந்து எட்டு வருஷத்துக்கு முந்தைய தாளை எடுத்து விரித்தார். ஆறாம் வரிசை, பதினோராவது கட்டம். ஆறு நிமிடம் இருபது வினாடி. நேரம் சரியாகத்தான் இருந்தது.

தையல்கார அக்கா படியேறி வந்து, "பிள்ளை என்னைக்கு வர்றாளாம்?" என்று கேட்டார். அவர் கடிதத்தை நீட்டினார். அக்கா படித்து முடித்து, புது மேஜையின் ஓரத்தில் அதை வைத்துவிட்டுக் கீழே போனார்.

அந்தக் கோடையில் சித்தி வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டார்கள். கடைசிக் கேள்வியை அவளும் மறுபடி கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கடிதங்கள் நின்றுபோயின. கடைசிக் கடிதத்தின் உறை மேல் வழக்கம்போல எண் போட்டு, அவர் குறித்திருந்தது:

83. வந்து சேர்ந்தது ஏப்ரல் 21, காலை 11.40.